ஒற்றைக் காலால் ஓட்டிப் பார்த்த படகு

தம்பி,

படகு நல்ல படகு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் நடுவில் எங்கேயாவது மனசு மாறிப் பொய் எழுதிவிடுவேனோ என்று எனக்கே என் மேல் பயமாக இருக்கிறது. போன வாரம் போனில் என்ன சொன்னாய்? "நீ ஓட்டிப் பாத்துட்டு சொல்லும்மா. நல்லாருக்குன்னா கேஸ வாபஸ் வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். நல்லா இல்லன்னா வேணாம்." அவ்வளவுதான். வைத்துவிட்டாய். கால் போனதிலிருந்து நீ எதையும் நீட்டிப் பேசுவதில்லை. ஆனால் ஒரு ஆலைக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற வழக்கை, ஒரு பிளாஸ்டிக் படகு ஆடுகிறதா இல்லையா என்று நான் சொல்லும் ஒரே வார்த்தையில் கொண்டுவந்து கட்டிவிட்டாய். நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாத இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஒசூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு மடித்து வைக்காதே. உன் ரூமில் இருக்கிற ஐந்து பேரும் அதே ஆலைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள், அந்த அம்மா அப்பாவிடமும் ஒரு நாள் யாராவது ஃபைலோடு வருவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆலைக்காரர்கள் அந்தப் படகை வேனின் தலையில் கட்டி எடுத்துவந்து நாகமரைத் துறையில் இறக்கினார்கள். ஆரஞ்சு நிறம். இரண்டு பக்கமும் கம்பெனி பேர் ஒட்டியிருக்கிறது. நீ மூன்று வருஷம் கழுத்தில் போட்டிருந்த அட்டையில் அந்தப் பேர் ஒரு நாளும் இருந்ததில்லை, காண்ட்ராக்டர் பேர்தான் இருந்தது. அதைச் சொல்லித்தானே நீ எங்கள் ஆளே இல்லை என்றார்கள். கொடுக்கிற படகில் மட்டும் அத்தனை பெரிய எழுத்து. கூட வந்தவனுக்கு உன் வயசு இருக்கும், நல்ல மரியாதை. "இது சிட்-ஆன்-டாப் கயாக்குங்கம்மா. உள்ள எறங்கி உக்கார வேண்டியதில்ல, மேலயே உக்காந்து கால நீட்டிக்கலாம். மீன் புடிக்கறதுக்குன்னே செஞ்சது. நின்னாக்கூட கவுறாது, பாருங்க" என்று சொல்லி, ஷூவோடு ஏறி நின்று காட்டினான். இரண்டு காலையும் அகட்டி வைத்து, கையைக்கூட விரித்தான். உன் அப்பா அந்தப் பக்கம் திரும்பி வலையில் இல்லாத கிழிசலைத் தேட ஆரம்பித்தார்.

ஒரு வாரம் வைத்திருந்து பாருங்கள், வருகிற வெள்ளிக்கிழமை கேமராவோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டோவுக்கு நீ வர வேண்டுமாம். ஒரு ஃபாரமும் காட்டினான். அதில் உன் பேருக்கு முன்னால் "பயனாளி" என்று போட்டிருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்தேன். ஆலைக்குள்ளே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து ஏறி, இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்த ஒருவனுக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் அது. பிச்சை போடுகிறவனும் ஒரு வார்த்தை வைத்திருப்பான், இவர்கள் அதைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

சரி, படகைச் சொல்கிறேன். நீளம் நம் வீட்டுக் கதவைப்போல ஒன்றரைப் பங்கு. அகலம் என் ஒரு கை நீட்டல் இருக்கும். அடியில் இரண்டு ஓரமும் தடித்து, நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். அதனால்தான் அது ஆடுவதில்லை, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. மேலிருந்து அடிவரை குழாய்போல ஆறு ஓட்டை வைத்திருக்கிறான். துறையில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். உன் சித்தப்பா பீடியை எடுத்துவிட்டு, "என்னங்க அண்ணி, மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டிய எடுத்துக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க? அதுவும் ஓட்டத் தொட்டி" என்றார். "உங்கள இதுலயே கட்டி அக்கரையில வுட்டுட்டு வரலாம்னுதான்" என்றேன். ஆனால் ஓட்டை சரியாகத்தான் இருக்கிறது. படகு முழுக்க உள்ளே காற்றடைத்த மூடின பெட்டி. மேலே விழுகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ஏரிக்கே போய்விடுகிறது. பரிசல் மாதிரி உட்கார்ந்து இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. உட்காருகிற இடம் எப்போதும் ஈரமாக இருக்கும், அது ஒன்றுதான். மார்கழியில் இடுப்பு விறைக்கும். அடியில் சாக்கு போட்டுக்கொள்ளலாம்.

முதல் நாள் வெறும் படகை ஓட்டினேன். துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று போட்டால் நேராகப் போகிறது. நான் பதினேழு வயசில் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து பரிசல் போடுகிறேன். பரிசல் நேராகப் போகாது, சுற்றப் பார்க்கும், அதை ஒவ்வொரு துடுப்புக்கும் மிரட்டி வைக்க வேண்டும். இது சொன்ன பேச்சு கேட்கிறது. மதியம் மேல்காற்று எழும்பியபோதும் நடு ஏரியில் நிறுத்திப் பார்த்தேன். வேண்டுமென்றே இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டினேன். ஓரம்வரை சாய்ந்தது, அங்கேயே நின்றது, திரும்பி வந்தது. கரைக்கு வந்து உன் அப்பாவிடம், "நல்லாத்தாங்க இருக்குது" என்றேன். அவர் முகத்தில் நான்கு மாசமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். உடனே, "அப்ப பையனுக்குப் போன் போட்டு சொல்லிடு புள்ள" என்றார்.

நான் சொல்லவில்லை. சித்திரையில் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது பரிசலில் ஏறிப் பார்த்தாயே, அது எனக்கு முன்னால் நின்றது. பரிசல் போடுகிறவன் முன் ஓரத்தில் மண்டி போட வேண்டும். உன்னை ஒன்பது வயசில் என் முன்னால் மண்டிபோட வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, "முட்டியில நில்லு, குதிகால்ல உக்காராத" என்று முதுகில் அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த முட்டிதான் உனக்கு இப்போது இல்லை. நீ இந்த ஓரத்தைப் பிடித்து, அந்த ஓரத்தைப் பிடித்து, கடைசியில் பக்கவாட்டில் விழுந்து, எழுந்திருக்காமல் அப்படியே பரிசலின் அடியில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் வரவில்லை. மண்டி போடாமல் உட்கார்ந்து ஓட்டுகிற படகு என்று ஒருவன் சொன்னதும் உனக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. எனக்கும்தான் வந்தது.

இரண்டாம் நாள் வலை ஏற்றினேன். பரிசலில் வலையைக் காலடியில் குவிப்போம். இதில் தொடைக்கு நடுவில் குவித்துவிட்டேன், நன்றாகவே விட வந்தது. சாயங்காலம் விட்டு, விடிந்ததும் எடுக்கப் போனேன். ஏரிக்குள்ளே பழைய மரத்துக் கட்டைகள் இருக்குமே, அதில் வலை மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்து இடது பக்கமாக இழுத்தேன். படகு சாய்ந்தது, நான் சாயவில்லை. கட்டையிலிருந்து வலை விட்டு வந்தது, ஜிலேபி மீன் நாலைந்து இருந்தது. படகைப் பற்றி மெச்சிக்கொண்டே குனிந்து பார்த்தால், என் இடது கால் நீண்டு, முன்னால் இருக்கிற கால் பள்ளத்தில் குதிகாலை முட்டு கொடுத்து நிற்கிறது. கால் நடுங்குகிறது. என்னைப் பிடித்து வைத்திருந்தது படகு இல்லை தம்பி, அந்தக் கால். வெள்ளிக்கிழமை வந்தவன் இரண்டு காலில் நின்று காட்டினான், நான் இரண்டு காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து காட்டினேன். உன் படகை உன்னை மறந்துவிட்டுப் பரிசோதித்தோம். கொஞ்சம் ஏமாந்திருந்தால் முதல் நாளே உனக்கு நல்ல செய்தி சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் உன் அப்பாவின் துண்டை எடுத்து, என் இடது காலை முட்டியில் மடக்கித் தொடையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். "பைத்தியமா புள்ள உனக்கு?" என்றார். "இறுக்கிக் கட்டுங்க. அவுந்துச்சுன்னா நானே வந்து மறுபடி கட்டச் சொல்லுவேன்" என்றேன். கட்டினார். அவர் சட்டை ஒன்றை மேலே போட்டு, அவர்கள் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். அவர் பரிசலில் பின்னால் வந்தார். நான் கூப்பிடாமல் கிட்டே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். வலையை நானே வேண்டுமென்றே ஒரு கட்டையில் மாட்டவிட்டு இடது பக்கமாக இழுத்தேன். இழுத்த வேகத்தில் இடுப்பு வழுக்கியது, பிடிக்க ஒன்றும் இல்லை, தண்ணீருக்குள் இருந்தேன். படகு கவிழவில்லை, அதையும் சொல்கிறேன். என்னைக் கொட்டிவிட்டு அது நிமிர்ந்துகொண்டது.

தண்ணீருக்குள் ஒற்றைக் காலோடு இருப்பது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீந்தத் தெரிந்த உடம்பு ஒரு பக்கமாகவே சுற்றுகிறது. ஓரத்தைப் பிடித்து ஏறப் பார்த்தேன், நழுவிவிட்டது. இரண்டாம் தடவையும் நழுவியது. உன் அப்பா பரிசலைத் திருப்பினார். "கிட்ட வராதீங்க, அவன் வுழுந்தா நீங்களா கூட இருக்கப் போறீங்க" என்று கத்தினேன். நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டுத் துடுப்பால் தண்ணீரைச் சும்மா அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை எதிர்ப்பக்கத்து ஓரத்தில் இருக்கிற பிடியை எட்டிப் பிடித்து, நல்ல காலால் தண்ணீரை உதைத்து, வயிற்றை மேலே போட்டேன். அப்படியே புரண்டு உட்கார்ந்தேன். பரிசலாக இருந்தால் ஆழத்தில் தனியாக ஒருத்தர் திரும்பி ஏற முடியாது, ஏறப் போனால் மேலேயே கவிழும். இதில் ஒற்றைக் காலோடு ஏற முடிகிறது. இன்றைக்கு மறுபடி கட்டிக்கொண்டு போனேன். இடது தொடைக்குப் பக்கத்தில் சாக்கைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, வலையை வலது பக்கமாக மட்டும் இழுத்தேன். வலது குதிகால் தாங்கிக்கொண்டது, விழவில்லை. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்: வலது பக்கம் மட்டும். இடது பக்கம் வலை மாட்டினால் வீம்புக்கு இழுக்காதே, படகைத் திருப்பிக்கொள், முடியாவிட்டால் வலையை அறுத்துவிடு.

ஆக, படகு நல்ல படகு. நீ ஓட்டலாம். வலை விடலாம், எடுக்கலாம், விழுந்தால் ஏறலாம். உன் அப்பா நேற்றுப் பரிசலுக்குள்ளே குறுக்குப் பலகை வைத்து உனக்கு உட்கார இடம் செய்து பார்த்தார். உட்கார்ந்து போட்டால் பரிசல் செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. அதுவும் ஆகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேறு வழி இருக்கிறது என்று உனக்கு நான் ஆசை காட்ட மாட்டேன்.

இனி அடுத்ததைச் சொல்கிறேன். உன்னை அந்த வேலைக்கு அனுப்பியது நான். ஏரியூர் சந்தையில் வேன் நிறுத்தி ஆள் எடுத்தபோது நீ வேண்டாம் என்றாய், அப்பாவோடு ஏரிக்குப் போகிறேன் என்றாய். "மீன் நாத்தம் எங்களோட போவட்டும், நீ ஷூ போட்டுக்கிட்டு வேலைக்குப் போ" என்று சொன்னேன். நீ ஷூ போட்டு அனுப்பிய போட்டோவைத் துறையில் ஒருவரை விடாமல் காட்டினேன். ஆஸ்பத்திரியில் உன் துணியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், அதற்குள்ளே வலது கால் ஷூ ஒன்று இருந்தது. அது இன்னும் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. எறிய முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அன்றைக்கு உன் அப்பா ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் ஃபைலோடு வந்து, "ஏம்மா தரையில உக்காந்திருக்கீங்க, மேல உக்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். "இது ஆபரேஷனுக்கு சம்மதம்ங்கம்மா. நீங்க சீக்கிரம் போட்டா அவங்க சீக்கிரம் ஆரம்பிப்பாங்க" என்றான். முதல் தாளின் மேல் வரியைப் படித்தேன். அது ஆபரேஷன் தாள்தான். அதற்கு அடியில் இன்னும் இரண்டு தாள் இருந்தது, கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினான். நான் எழுத்துத் தெரியாதவள் இல்லை. பத்தாவது வரை படித்தவள். உனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே நான். ஆனால் சட்டை இஸ்திரி போட்ட ஒருவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அம்மா என்று கூப்பிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது தம்பி. மரியாதை கொடுத்தவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று போட்டேன். மூன்று இடத்திலும் போட்டேன்.

சித்திரையில் நீ வந்தபோது உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினாய். "உங்க வூட்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு கம்பெனில சொல்றான். எவ்ளோக்கு என் கால வித்த?" என்று கேட்டாய். அப்பா என்று நினைத்துத்தான் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து நீ அவரிடம் பேசவில்லை, அவரும் இந்த நான்கு மாசத்தில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தவன் போனில் அந்தத் தாளைப் பெரிதாக்கிக் காட்டினான். நடக்கக் கூடாது என்று மஞ்சள் கோடு போட்ட இடத்தில் என் மகன் தன் கவனக்குறைவால் நடந்தான், இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை என்று எழுதி, கீழே என் பேர். அழகான கையெழுத்து. "கேஸ் வாபஸ் ஆயிட்டா இந்தப் பேப்பரெல்லாம் வெளிய வரவே வராதுங்கம்மா" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உன் வக்கீல் கைக்கு இன்னும் அந்தத் தாள் போகவில்லை. நீ படகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அது கடைசிவரை போகாது. நான் தப்பித்துக்கொள்வேன். படகு நல்லா இருக்கு என்று போனில் ஒரு வார்த்தை சொன்னால் நீயும் வீட்டுக்கு வந்துவிடுவாய், நானும் நல்லவளாகவே இருந்துவிடுவேன். நல்லா இல்லை என்று பொய் சொன்னால், வழக்கு நடக்கும், நீ என்னை நம்பினதற்கு இன்னொரு தடவை நான் துரோகம் செய்ததாகும். நான்கு நாளாக இது இரண்டும்தான் எனக்குள் ஓடியது.

அதனால் உண்மையை எழுதுகிறேன். படகு நல்லது, அதைக் கொண்டுவந்த கை நல்லதில்லை. அவர்கள் காலுக்குப் பதிலாகப் படகு கொடுக்கவில்லை. யார் மேல் தப்பு என்கிற கேள்வியை நீ கேட்காமல் இருப்பதற்குக் கொடுக்கிறார்கள். அந்த ஃபோர்க்லிஃப்டுக்கு ஹாரன் வேலை செய்யவில்லை என்று நீயும் உன் ரூம் பையன்களும் இரண்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது இன்னும் அதே இடத்தில் ஓடுகிறதா என்று அவர்களைக் கேள். ஓடினால், படகோடு எடுத்த உன் போட்டோ ஆலைச் சுவரில் மாட்டியிருக்கும், அதற்குக் கீழே அந்த வண்டி பின்னால் வந்துகொண்டிருக்கும். ஆனாலும் நீ போராடு என்று நான் வசனம் பேச மாட்டேன். வழக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. தோற்கலாம். என் கையெழுத்தாலேயே தோற்கலாம். ஒற்றைக் காலோடு ரூமில் படுத்திருப்பது நீ, நான் இல்லை. உன் வக்கீல் வரச் சொன்னால் நான் ஒசூருக்கு வந்து, யார் முன்னால் வேண்டுமானாலும், படிக்காமல் போட்டேன், ஏமாற்றிப் போட வைத்தார்கள் என்று சொல்கிறேன். படித்தவள் ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்தத் தாள் வந்தாலும் ஆறு பேரும் உட்கார்ந்து சத்தம்போட்டு, கடைசி வரிவரை படியுங்கள். கொண்டுவந்தவன் நின்றுகொண்டிருக்கட்டும். எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் நிற்கட்டும்.

படகைக் கழுவி, துறையில் கருவேல மரத்தடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவன் வந்தால் வேனில் ஏற்றி அனுப்பிவிடுவேன். வேண்டும் என்று நீ முடிவு செய்தால் வியாழக்கிழமைக்குள் சொல், நிறுத்தி வைக்கிறேன். அதற்காக உன்னை நான் குறைவாக நினைக்க மாட்டேன். என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். அப்பா போனுக்குப் போடு. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

அம்மா